துணைக்குரலும் துலாக்கோலும்

நுழையும்முன்

மருத்துவ வசதி ஊரில் இருப்பது வேறு. அவ்வசதி ஒருவருக்குக் கிட்டுவது வேறு. இரண்டுக்கும் இடையில் ஏற முடியாத படிக்கட்டும், படித்தறிய முடியாத படிவமும், காத்திருக்கப் பொறுமையற்ற உரையாடலும் குறுக்கே நிற்கக்கூடும். அந்த இடைவெளியில் மாற்றுத்திறனாளிகளின் பக்கம் நின்று பேசும் சேவைகள் இங்கிலாந்தில் உருவான வரலாற்றையும், அவற்றின் பயனை அளக்க முற்படுவோர் சந்திக்கும் சிக்கல்களையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆறு இறப்புகள்

அறிவுசார் குறைபாடுடையோருக்காக இங்கிலாந்தில் பணியாற்றும் மென்காப் என்னும் அமைப்பு 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. அலட்சியத்தால் நேர்ந்த இறப்பு என்பது அதன் தலைப்பின் பொருள். தேசிய நலவாழ்வுச் சேவையின் பராமரிப்பில் இருந்தபோது உயிரிழந்த ஆறு பேரின் வரலாறு அதில் இடம்பெற்றிருந்தது. அவர்களுள் ஒருவர் பக்கவாதத்தால் விழுங்கும் ஆற்றலை இழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். குழாய்வழி உணவு செலுத்தும் ஏற்பாடு உரிய காலத்தில் செய்யப்படவில்லை. ஒரு துறையினர் செய்திருப்பர் என மற்றொரு துறையினர் எண்ணியிருக்க, 26 நாள்கள் அவர் உணவின்றிக் கிடந்தார். பசிக்கிறது என்று சொல்ல அவரிடம் பேச்சு இல்லை.

இவ்வறிக்கையைத் தொடர்ந்து சர் ஜொனாதன் மைக்கேல் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2008இல் தன் முடிவுகளை வெளியிட்டது. மக்களின் முறையீடுகளை ஆராயும் குறைகேள் அதிகாரிகள் இந்த ஆறு இறப்புகளையும் தனித்தனியே ஆராய்ந்து 2009இல் அறிக்கை அளித்தனர். பின்னர் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் அறிவுசார் குறைபாடுடைய 247 பேரின் இறப்புகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. 2013இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, பொதுமக்களோடு ஒப்பிடுகையில் இக்குறைபாடுடைய ஆண்கள் சராசரியாக 13 ஆண்டுகளும் பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாகவே இறந்திருந்தனர். நல்ல மருத்துவம் கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இறப்புகள் பொதுமக்களிடையே 13 விழுக்காடாக இருக்க, இவர்களிடையே 37 விழுக்காடாக இருந்தன.

இவற்றிற்கெல்லாம் மருத்துவரின் கொடுமனம்தான் காரணம் என்று கருதுவது எளிது. ஆனால் உண்மை அவ்வாறில்லை. குறைபாடு கண்ணுக்குத் தெரிகிறது. நோய் அதன் பின்னே மறைந்துகொள்கிறது. பேச இயலாத ஒருவர் திடீரெனத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளத் தொடங்கினால், அவரது குறைபாட்டின் இயல்பே அது என்று குறித்துக்கொண்டு அடுத்த நோயாளியை அழைப்பது நடைமுறையாகிவிடுகிறது. அவருக்குப் பல்வலியோ காதுவலியோ இருக்கலாம் என்ற ஐயம் எழுவதற்கு, அவரை நன்கு அறிந்த ஒருவர் அவ்விடத்தில் இருந்து, இவர் நேற்றுவரை இப்படிச் செய்ததில்லை என்று சொல்லியாக வேண்டும். அவ்வாறு ஒருவர் சொன்னாலும் அதைக் கேட்டுக்கொள்ளும் கடமை எதிரில் இருப்பவருக்கு உண்டு என்பதையும் நினைவூட்டியாக வேண்டும்.

துணைக்குரல் என்பது யாது?

இப்பணியைச் செய்பவரைத் துணைக்குரலாளர் எனலாம். அவர் வழக்கறிஞர் அல்லர், செவிலியரும் அல்லர். நலம் பற்றிய தகவலை அவரவர்க்குப் புரியும் வடிவில் தருவது, மருத்துவரைக் காணச் செல்லுமுன் கேட்கவேண்டிய வினாக்களைத் தொகுக்க உதவுவது, உடன் சென்று அமர்வது, சொல்லப்பட்டதை மீண்டும் விளக்குவது, தவறு நேர்ந்தால் முறையீடு எழுதத் துணைபுரிவது ஆகியவை அவர் பணிகள். மாற்றுத்திறனாளிக்கு எது நல்லது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு இல்லை. தாம் உடன்படாத விருப்பமாயினும், உரியவரின் விருப்பத்தை அவர் எடுத்துரைத்தாக வேண்டும். அன்புள்ள உறவினரால் பல வேளைகளில் இயலாததும் இதுவே.

இங்கிலாந்தில் 1974 முதல் 2003 வரை சமுதாய நலக் குழுக்கள் நோயாளிகளின் சார்பாகப் பேசிவந்தன. 2003இல் முறையீட்டாளருக்கான தனிச் சேவை தொடங்கியது. 2013 ஏப்ரல் முதல் அதனை ஏற்பாடு செய்யும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளிடம் வந்தது. 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. தாமே முடிவெடுக்க இயலாத நிலையில் உள்ளவருக்குக் கலந்துபேச உற்றாரோ நண்பரோ இல்லையெனில், பெரிய மருத்துவச் சிகிச்சை குறித்தும் நெடுங்கால இடமாற்றம் குறித்தும் முடிவெடுக்குமுன் ஒரு துணைக்குரலாளரை அமர்த்தியாக வேண்டும் என்று அது விதித்தது. இவ்விதி இங்கிலாந்தில் 2007 ஏப்ரலிலும் வேல்சில் அதே ஆண்டு அக்டோபரிலும் நடைமுறைக்கு வந்தது.

இதனோடு தொடர்புடைய மற்றொரு கருத்து 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் உள்ள நியாயமான மாற்றம் என்பது. எல்லோரையும் ஒரேபோல் நடத்துவது சமத்துவம் ஆகாது. பத்து நிமிடம் ஒதுக்கும் மருத்துவர் மெல்லப் பேசுவோருக்கு இருபது நிமிடம் ஒதுக்குவதும், கூட்டத்தைக் கண்டு அஞ்சுவோருக்கு நாளின் முதல் முறையைத் தருவதும், கடிதத்தைப் பெரிய எழுத்திலோ படங்களோடோ அனுப்புவதும் அச்சட்டத்தின்படி சலுகைகள் அல்ல, கடமைகள்.

எண்ணிக்கை காட்டாதது

இத்தகைய சேவைக்குப் பொதுப்பணம் செலவாகிறது. ஆகவே, இது பயன் தருகிறதா என்று கேட்பது முறையே. கேட்ட மறுகணமே விடையாக வந்து நிற்பது எண்ணிக்கை: ஆண்டில் எத்தனை தொலைபேசி அழைப்புகள், எத்தனை கடிதங்கள், எத்தனை பேர் பயனடைந்தனர் என்ற பட்டியல். பயனடைந்தனர் என்ற சொல் இங்கே வந்து சென்றனர் என்ற பொருளிலேயே பெரும்பாலும் வழங்குகிறது.

அவெடிஸ் டோனபேடியன் என்னும் மருத்துவ அறிஞர் 1966இல் எழுதிய கட்டுரையொன்றில், மருத்துவத்தின் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்று நிலைகளில் நோக்கலாம் என்றார். பணியாளர் எண்ணிக்கையும் அலுவலகச் சாய்தளமும் கட்டமைப்பு. உடன் சென்றதும் கடிதம் எழுதியதும் செயல்முறை. அதனால் ஒருவர் வாழ்வில் நிகழ்ந்தது விளைவு. முதலிரண்டை எண்ணுவது எளிது. மூன்றாவதில்தான் மதிப்பீட்டாளரின் துலாக்கோல் தடுமாறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். சக்கர நாற்காலியில் இயங்கும் ஒரு பெண் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான முன்சோதனையைப் பல ஆண்டுகளாகச் செய்துகொள்ளவில்லை. பரிசோதனைக் கட்டில் உயரமானது; ஏற்றிவிட உதவும் கருவி மருத்துவரின் நிலையத்தில் இல்லை. வர இயலாது என்று அவர் ஒருமுறை சொன்னது, வர விரும்பவில்லை என்று பதிவாகியுள்ளது. துணைக்குரலாளர் சட்டத்தைச் சுட்டிக் கடிதம் எழுதுகிறார். இரண்டு மாதங்களுக்குப் பின் வேறொரு நிலையத்தில் கருவியோடும் கூடுதல் நேரத்தோடும் சோதனை நடைபெறுகிறது. முடிவு இயல்பாக உள்ளது. நோய் கண்டறியப்படவில்லை, எனவே சிகிச்சையும் இல்லை, உடல்நிலையில் மாற்றமும் இல்லை. விளைவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? சுழியம் எழுதினால் அது பொய்யாகும். மற்றப் பெண்கள் கேளாமலே பெறும் ஒன்றை இவரும் பெற்றார் என்பதே இங்கு விளைவு. அது நோயின் கணக்கன்று, உரிமையின் கணக்கு. பதிவேட்டில் இருந்த விரும்பவில்லை என்னும் சொல் திருத்தப்பட்டதா என்று பார்க்கும் மதிப்பீட்டாளரே அப்பயனைக் காண்பார்.

முறையீடுகளின் எண்ணிக்கை இன்னொரு பொறி. நல்ல துணைக்குரல் உள்ள ஊரில் மருத்துவமனை மீதான முறையீடுகள் கூடும். வாய் திறக்க வழி கிடைத்தவர்கள் வாய் திறப்பார்கள். முறையீடு குறைந்த ஊர் நன்றாக நடக்கும் ஊராகவும் இருக்கலாம், கேட்பாரற்ற ஊராகவும் இருக்கலாம். வெற்றி பெற்ற முறையீடுகளை மட்டும் எண்ணத் தொடங்கினாலோ, வெல்லக்கூடியவற்றை மட்டும் ஏற்கும் வழக்கம் சேவையினரிடையே மெல்ல நுழைந்துவிடும். அளவுகோல் இலக்காக மாறும்போது அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழக்கிறது என்ற கருத்தைப் பிரித்தானியப் பொருளியல் அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் ஒரு விதியாகவே வழங்குவர்.

மேலும், யார் செயலால் எது நேர்ந்தது என்று பிரித்தறிவதும் கடினம். மக்கள் பெரும்பாலும் துன்பம் முற்றிய வேளையில்தான் உதவி நாடி வருகின்றனர். முற்றிய துன்பம் சில மாதங்களில் தானே சற்றுத் தணிவதும் உண்டு. வந்த நாளில் ஒருமுறையும் ஆறு மாதம் கழித்து ஒருமுறையும் வினவி, வேறுபாடு முழுவதையும் சேவையின் சாதனையாகக் காட்டும் அறிக்கைகள் இதனை மறந்துவிடுகின்றன. சேவை பெறாத ஒரு குழுவோடு ஒப்பிடுவது இதற்கு மாற்று. ஆனால், அறுவை சிகிச்சை குறித்து நாளை முடிவாகவிருக்கும் ஒருவரை, ஒப்பீட்டுக்காகத் துணையின்றி விட்டுவைப்பது அறமாகாது. ஓர் ஊரில் சேவை முன்னதாகவும் அண்டை ஊரில் பின்னதாகவும் தொடங்கும்போது அந்த இடைக்காலத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது ஓரளவு இணக்கமான வழி.

ஆம் என்னும் விடை

நிறைவாக இருந்ததா என்று பயனாளிகளையே கேட்டுவிடலாமே எனத் தோன்றும். அமெரிக்க ஆய்வாளர் கரோல் சிகல்மனும் அவர்தம் குழுவினரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு இங்கே எச்சரிக்கை தருகிறது. அறிவுசார் குறைபாடுடையோரிடம் ஒன்றுக்கொன்று முரணான இரு வினாக்களை வெவ்வேறு இடங்களில் கேட்டபோது, அவர்களுள் பலர் இரண்டுக்கும் ஆம் என்றே விடையளித்தனர். இதை அறியாமை என்று தள்ளிவிடுதல் தவறு. வாழ்நாள் முழுவதும் பிறர் முடிவுக்கு இணங்கி நடக்கப் பழக்கப்பட்டவருக்கு, ஆம் என்பது பாதுகாப்பான சொல். இல்லை என்று சொன்னதன் பயனாகச் சோற்றையோ வெளியே செல்லும் வாய்ப்பையோ இழந்த அனுபவமும் அவர்களுள் சிலருக்கு உண்டு.

எனவே, நிறைவடைந்தோர் இத்தனை விழுக்காடு என்ற தாளை மட்டும் நம்ப இயலாது. கேட்பவர் அச்சேவையின் பணியாளரே என்றால் நம்பிக்கை இன்னும் குறையும். நாளைக்கும் உதவி தேவைப்படும் இடத்தில் யார் குறை கூறுவர்? ஆம், இல்லை என முடியும் வினாக்களைத் தவிர்த்து, நடந்ததைச் சொல்லச் செய்தல் ஒரு வழி. ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான பேசும் விரிப்பு என்னும் முறையில், மருத்துவர், ஊசி, காத்திருப்பு அறை முதலியவற்றின் படங்களை ஒருவர் தம் விருப்பப்படி ஒரு விரிப்பின் மீது பிடித்தது, பிடிக்காதது, இடைப்பட்டது என வரிசைப்படுத்துகிறார். பேச்சில்லாதவரின் கருத்தும் இவ்வாறு தெரியவருகிறது. இதற்கு நேரம் மிகுதியாகும். ஒரு நாளில் நூறு படிவம் திரட்டும் ஆய்வாளர் இம்முறையில் நான்கு பேரைச் சந்திக்கவே திணறுவார். ஆயினும் அந்த நான்கு உரையாடல்களே சேவை பற்றி மிகுதியாகக் கற்றுத்தரும்.

வராதவர்களின் கணக்கு வேறு. தொலைபேசி வழியே மட்டும் அணுகக்கூடிய சேவையின் பதிவேட்டில் செவித்திறன் குறைந்தோர் இருக்கமாட்டார்கள். அவர்கள் இல்லாததையே தேவையில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டும் விந்தையும் நிகழ்வதுண்டு. பதிவேட்டில் உள்ள பெயர்களின் வயது, மொழி, குறைபாட்டின் வகை ஆகியவற்றை அவ்வூரின் மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டால் வெற்றிடங்கள் புலப்படும்.

அளப்பவர் யார்?

துலாக்கோலைப் பிடிக்கும் கை யாருடையது என்ற வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் லெ கோர்ட் என்னும் இல்லத்தில் உடற்குறைபாடுடையோர் வாழ்ந்துவந்தனர். எப்போது உறங்குவது, யாரைச் சந்திப்பது என்பன போன்ற சிறு செய்திகளிலும் தம் வாழ்வைத் தாமே நடத்தும் உரிமைக்காக 1960களில் அவர்கள் போராடினர். நடுநிலையான அறிஞர்கள் வந்து பார்த்தால் தம் பக்கத்து நியாயம் விளங்கும் என்று நம்பி, டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தாரை அவர்களே அழைத்தனர். எரிக் மில்லர், ஜெரால்டின் க்வின் ஆகிய இருவரும் ஆய்வு நடத்தி 1972இல் நூல் வெளியிட்டனர். இத்தகைய இல்லங்களில் வாழ்வோர் சமூகத்தின் பார்வையில் இறந்தவர்களே என்பதும், உடலால் இறக்கும்வரை அவர்களைக் கொண்டுசெல்வதே இல்லங்களின் வேலை என்பதும் அந்நூலின் அடிப்படைக் கருத்துகள். சில சீர்திருத்தங்களை அது பரிந்துரைத்தது. ஆனால் இல்லம் என்ற அமைப்பே வேண்டுமா என்று கேட்கவில்லை.

அழைத்தவர்கள் அதிர்ந்தனர். அவ்வில்லத்தில் வாழ்ந்தவர்களுள் ஒருவரான பால் ஹண்ட், இந்த நடுநிலை உண்மையில் இருக்கும் நிலையின் பக்கம் சாய்ந்த நிலை என்று கடுமையாக எழுதினார். அவர் 1979இல் மறைந்தபின், 1981இல் அக்கட்டுரை வெளிவந்தது. 1972இல் அவர் செய்தித்தாளுக்கு எழுதிய கடிதத்தின் விளைவாகத் தோன்றிய சங்கம், உடற்குறை வேறு, அதனைச் சுற்றிச் சமூகம் எழுப்பும் தடை வேறு என 1976இல் வரையறுத்தது. அந்த வரையறையிலிருந்தே மைக் ஆலிவர் என்னும் பேராசிரியர் சமூக மாதிரி என்ற கோட்பாட்டை 1983இல் வளர்த்தெடுத்தார். ஓர் ஆய்வின் மீது எழுந்த மனக்கசப்பு ஒரு சிந்தனைப் பள்ளிக்கே உரமாயிற்று எனலாம்.

ஹண்ட் கூறியதில் சினம் மிகுதி என்போர் உண்டு. ஆய்வாளர்கள் தாம் கண்ட துயரத்தை மறைக்கவில்லை என்பதும் உண்மையே. எனினும், எந்த வினாவைக் கேட்பது என்பதை ஆய்வுக்கு உட்பட்டோர் தீர்மானிக்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு விடையில்லை. இன்று மாற்றுத்திறனாளிகளே வினாக்களை அமைப்பதும், அறிவுசார் குறைபாடுடையோர் பயிற்சி பெற்று நேர்காணல் செய்வதும் மதிப்பீட்டு முறையின் பகுதியாக வளர்ந்துள்ளன. கட்டில் எவ்வளவு உயரம் என்ற வினா, கட்டிலில் ஏற முடியாதவருக்கே முதலில் தோன்றும்.

தெரிந்து தெளிவோம்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. அதன் 25ஆவது பிரிவு நலவாழ்வு உரிமையையும், 33ஆவது பிரிவு உடன்படிக்கை நடைமுறைப்படுத்தப்படுவதைக் கண்காணிப்பதில் மாற்றுத்திறனாளிகளும் அவர்தம் அமைப்புகளும் பங்குபெற வேண்டியதையும் கூறுகின்றன. இந்தியா 2007இலும் ஐக்கிய இராச்சியம் 2009இலும் இதனை உறுதிசெய்தன. இதற்கேற்ப இந்தியாவில் இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், முன்னர் 7ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21ஆக விரித்தது.

பணம் தருபவரும் குறை கேட்பவரும்

துணைக்குரல் சேவைக்குப் பணம் தருவது உள்ளாட்சி அமைப்பு. அதே அமைப்பு நடத்தும் பராமரிப்பு இல்லத்தின் மீதும் சில வேளைகளில் முறையிட வேண்டிவரும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் மாதத்தில் சேவையினர் எழுதும் கடிதங்களின் தொனி மாறுகிறதா என்பது எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத வினா; ஆனால், நேர்மையான மதிப்பீட்டாளர் பழைய கோப்புகளைப் புரட்டி அதைப் பார்ப்பார். சேவைக்குச் செலவிட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் இத்தனை பவுண்டு மிச்சம் என்று காட்டும் கணக்குகளையும் அவர் ஐயத்தோடு அணுகுவார். முன்பு சோதனையே பெறாதவர் இப்போது பெறுகிறார் என்றால், மருத்துவச் செலவு முதலில் கூடவே செய்யும்.

எண்களை ஒப்பிடுவதிலும் விழிப்பு வேண்டும். 2013ஆம் ஆண்டு ஆய்வு கூறிய 37 விழுக்காடு முன்னர்க் குறிப்பிடப்பட்டது. அறிவுசார் குறைபாடுடையோரின் இறப்புகளை நாடளாவ ஆராயும் திட்டமொன்று 2015 முதல் இங்கிலாந்தில் நடைபெறுகிறது. 2022இல் நிகழ்ந்த இறப்புகளுள் 42 விழுக்காடு தவிர்த்திருக்கக்கூடியவை என்றும், பொதுமக்களிடையே அது 22 விழுக்காடு என்றும் அத்திட்டத்தின் அறிக்கை கூறியது. 37, 42 என அடுத்தடுத்து வைத்து நிலைமை சீர்கெட்டது என்று முடிவு செய்வது பிழை. முந்தைய எண் நல்ல மருத்துவத்தால் தவிர்க்கக்கூடியவற்றை மட்டும் குறித்தது. பிந்தையது நோய் வராமலே தடுத்திருக்கக்கூடியவற்றையும் சேர்த்துக்கொண்டது. ஒப்பிடத்தக்கது ஒவ்வோர் அறிக்கைக்குள்ளும் உள்ள இடைவெளியே. அவ்விடைவெளி இன்னும் இருக்கிறது.

அத்திட்டத்தின் ஆண்டறிக்கைகள் இரண்டு வடிவங்களில் வெளிவருகின்றன. ஒன்று அட்டவணைகளும் அடிக்குறிப்புகளும் நிறைந்தது. மற்றொன்று குறுகிய வாக்கியங்களில், ஒவ்வொரு வாக்கியத்தின் அருகிலும் ஒரு படத்தோடு, அறிக்கை யாரைப் பற்றியதோ அவர்களே படிக்கும்படி அமைந்தது. ஒரு துணைக்குரல் சேவையை மதிப்பிட்டவர், தம் முடிவுகளை இந்த இரண்டாம் வடிவில் எழுத முற்படும்போது, தாம் அறிந்ததாக எண்ணியவற்றுள் எவை தெளிவானவை, எவை சொற்களின் மறைவில் நின்றவை என்பது அவருக்கே தெரியவருகிறது. பயனாளிகளின் ஈடுபாடு குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டது என்ற வரிக்கு அருகில் எந்தப் படத்தை வரைவது? மருத்துவர் அறையில் மூவர் அமர்ந்திருக்க, நடுவில் இருப்பவர் பேசுகிறார் என்று வரையலாம். அப்படி நடந்ததா என்று கோப்பைத் திறந்து மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும்.